வாங் கோங் 'வர்றான்' என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதை

திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியில் வேலை. எழுத்துகள் மேல் பித்து எனக்கு, வட்டெழுத்தில் ஆரம்பித்து இப்போது சீனத்தில் வந்து நிற்கிறேன். அந்த அரைகுறைச் சீனத்தை நம்பி, மெஷின் வாங்கிய இடத்தோடு பேசும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஒரு நாள் அங்கிருந்து குரல் செய்தி: வாங் கோங் வியாழக்கிழமை வருகிறார், 'தா' வந்து மெஷினைப் பூட்டித் தருவார் என்று. வாங் குடும்பப் பெயர், கோங் என்றால் இன்ஜினியர். நான் முதலாளியிடம் போய், "வாங்னு ஒருத்தன் வர்றானுங்க" என்றேன். அவரும் மெக்கானிக் தங்கியிருக்கும் அறையிலேயே இன்னொரு கட்டில் போடச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை கோவை ஏர்போர்ட்டிலிருந்து டிரைவர் போன் செய்கிறார்: "ஏனுங்க, வந்திருக்கறது பொம்பளைங்க!"

சீனத்தில் அவன், அவள், அது மூன்றுக்குமே உச்சரிப்பு 'தா'தான். எழுதினால்தான் வித்தியாசம் தெரியும். அவனுக்கும் அவளுக்கும் வலப்பக்கம் ஒன்றே, இடப்பக்கம் மட்டும் அவனுக்கு மனிதக் குறி, அவளுக்குப் பெண் குறி. இதுவும் பழைய வழக்கம் இல்லை. மனிதக் குறி போட்ட எழுத்தே முன்பு எல்லோருக்கும் பொது. ஐரோப்பிய மொழிகளிலிருந்து மொழிபெயர்க்கும்போது அவளுக்கென்று தனி எழுத்து தேவைப்பட, பெண் குறி போட்டதை எடுத்துக்கொள்ளலாம் என்று 1920இல் லியூ பன்னோங் என்ற கவிஞர் வாதாடினார். பிற்பாடு ஒரு பெண்கள் இதழ் அதை அச்சிட மறுத்தது. ஆணுக்கு மட்டும் மனிதக் குறி என்றால் நாங்கள் யார் என்பது அவர்கள் கேள்வி, நியாயமான கேள்வி. இப்போது இணையத்தில் பலர் எந்தக் குறியும் வேண்டாம் என்று ஆங்கில எழுத்திலேயே 'தா' என்று போட்டுவிடுகிறார்கள்.

எழுத்தில் வந்திருந்தால் பிழைத்திருப்பேன். 'வர்றாருங்க' என்று மரியாதையாகச் சொல்லியிருந்தாலும் பிழைத்திருப்பேன், அதுதான் உறுத்துகிறது.

உங்களுக்கு இப்படி நடந்தது உண்டா?

*

எங்கள் வீடு கட்டியபோது வந்த வங்காளி மேஸ்திரி என் மனைவியை "மேடம் வந்தான்" என்பார். அவர் மொழியில் வினையில் ஆண், பெண் கிடையாது, 'ஷே'வும் இருவருக்கும் பொது. நம் ஆட்கள் சிரித்துச் சிரித்து, கடைசியில் சித்தாள் அக்கா ஒருவர்தான் "எல்லாருக்கும் வந்தாங்கன்னு சொல்லுப்பா, ஒருத்தரும் கோச்சுக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொடுத்தார். அதற்கப்புறம் சிமென்ட் லாரியும் வந்தாங்க.

*

'வந்தாங்க' பெரியவர்களுக்குச் சரி. நான் மொழிபெயர்ப்பாளர், தடுப்பூசிக் கையேடு ஒன்று செய்தேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தியில் அவன், அடுத்த பத்தியில் அவள் என்று மாற்றி மாற்றி இருந்தது. ஆறு மாதக் குழந்தையை 'அவர்' என்றால் யாராவது படிப்பார்களா? 'குழந்தை அழுதது' என்றுதானே சொல்கிறோம், அதனால் 'அது' என்றே போட்டேன். பிள்ளையை அது என்பதா என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது, அதுவும் எல்லாப் பக்கத்திலும். கடைசியில் சுட்டுப்பெயரையே தூக்கிவிட்டு, இருபது பக்கமும் 'குழந்தைக்கு', 'குழந்தையை' என்று எழுதி அனுப்பினேன். 'அழுதது' மட்டும் அப்படியே இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை.

*

மேலே கதையைத் தொடங்கியவன்தான். கட்டில் என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். அறையை வாங் கோங்குக்கே விட்டுவிட்டு மெக்கானிக் நான்கு நாள் என் வீட்டில் படுத்தார். குறட்டை.