ஏழாம் தலைமுறை லேப்டாப் குப்பையாம்! "டிபிஎம் இல்லை" என்று கதை விடுபவர்கள் கவனத்துக்கு

திருகாணி:
குழுக்கள்ல ஒரு வீடியோ சுத்திக்கிட்டு இருக்கு. "இன்டெல் ஏழாம் தலைமுறை ப்ராசஸர் வரைக்கும் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கிற வசதி) கிடையாது, அதான் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சிடுச்சு. அந்த லேப்டாப்பெல்லாம் குப்பை, எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிடுங்க." கீழயே புது லேப்டாப் வாங்க லிங்க். நல்ல பொழப்பு.

டிபிஎம் இல்லையா? 2016 ஜூலை 28க்கு அப்புறம் விண்டோஸ் 10ஓட வர்ற புது மாடல்ல டிபிஎம் 2.0 இருந்தே ஆகணும்னு விதி போட்டதே மைக்ரோசாஃப்ட்தான். விண்டோஸ் கட்டையையும் ஆர் கட்டையையும் சேர்த்து அழுத்தி, "டிபிஎம்.எம்எஸ்சி"ன்னு அடிச்சுப் பாருங்க. கீழ "ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0"ன்னு வரும். வரலைன்னா பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கிற அமைப்புத் திரை) செக்யூரிட்டி பக்கம் போய் "இன்டெல் பிடிடி"ங்கற உள்ளமைஞ்ச டிபிஎம்மை ஆன் பண்ணுங்க. ஏஎம்டின்னா "எஃப்டிபிஎம்". அவ்ளோதான் விஷயம்.

வழிமறிக்கிறது விண்டோஸ் 11க்குத் தகுதின்னு மைக்ரோசாஃப்ட் போட்ட ப்ராசஸர் பட்டியல். அந்தப் பட்டியல்ல கோர் ஐ7 7820எச்க்யூ இருக்கு. அதுவும் ஏழாம் தலைமுறைதான். அது மட்டும் எப்படி உள்ள போச்சு? மைக்ரோசாஃப்ட் தன் பேர்ல வித்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2ல அது இருக்கு, அதனால போச்சு. மறுக்கிறவங்க வாங்க.

ரிச்சி_சர்வீஸ்:
சார், வீடியோக்காரன் தப்பாவே சொல்லட்டும். கஸ்டமருக்கு என்ன ஆகப்போகுது? டிபிஎம்மால ஏறலையா, பட்டியலால ஏறலையான்னா கேக்குறாங்க? ஏறலை. முடிஞ்சது.

அப்புறம், பிடிடியை ஆன் பண்ணுன்னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஓடுற மெஷின்ல டிபிஎம்மைத் தொட்டா அடுத்த பூட்ல 48 இலக்க ரெகவரி கீ கேக்கும். பாதிப் பேருக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது. முதல்ல கன்ட்ரோல் பேனல்ல பிட்லாக்கரை "சஸ்பெண்ட்" பண்ணணும், அப்புறம்தான் பயாஸ். இதைச் சொல்லாம விட்டா நாளைக்கு டேட்டா போச்சுன்னு எங்க கவுன்ட்டர்லதான் வந்து நிப்பாங்க.

பட்டியலுக்குக் காரணமும் இருக்கு. தகுதி இல்லாத மெஷின்ல கெர்னல் க்ராஷ் (விண்டோஸோட மையப் பகுதியே நின்னு போறது) 52% அதிகம்னு மைக்ரோசாஃப்ட் 2021லயே சொல்லிடுச்சு.

திருகாணி:
52% அதிகம். எதை விட? அதே அறிவிப்புல தகுதியான மெஷின் 99.8% க்ராஷ் இல்லாம ஓடுதுன்னும் இருக்கு. மிச்சம் 0.2. அதுல 52% கூட்டினா 0.3. இதுக்குத்தான் நல்லா ஓடுற லேப்டாப்பைக் காயலான் கடைக்கு அனுப்பணுமா?

பாதுகாப்புன்னு ஒரு வாதம் வரும், அதையும் இப்பவே முடிச்சிடுறேன். மெமரி இன்டெக்ரிட்டி, அதாவது கெர்னல்ல கெட்ட கோடு நுழையாம தடுக்கிற விண்டோஸ் வசதி, வேகமா ஓட ப்ராசஸர்லயே ஒரு வசதி வேணும். இன்டெல்ல அதுக்குப் பேரு எம்பிஇசி, ஏஎம்டில ஜிஎம்இடி. எம்பிஇசி ஏழாம் தலைமுறையிலயே வந்தாச்சு. ஜிஎம்இடி ஜென் 2ங்கற ஏஎம்டி தலைமுறையிலதான் வந்தது. ஆனா பட்டியல்ல ஏஎம்டியோட ரைசன் 5 2600 இருக்கு, அது முந்தின ஜென் பிளஸ் தலைமுறை, ஜிஎம்இடி கிடையாது. வசதி இருக்கிறவன் வெளிய, இல்லாதவன் உள்ள. 7820எச்க்யூவுக்கு மட்டும் தனி வாசல். பதில்?

பெங்குயின்தாசன்:
நண்பர்களே, ஒருவர் பட்டியலைப் பிடித்துத் தொங்குகிறார், இன்னொருவர் கவுன்ட்டரைப் பிடித்துத் தொங்குகிறார். அந்தப் பட்டியல் நமக்கு எதற்கு? விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, டிபிஎம்மே தேவையில்லை. 4 ஜிபி ரேம் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி இருந்தால் சின்னமன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். 8 ஜிபி பென் டிரைவில் ஐஎஸ்ஓவை (நிறுவும் கோப்பு) எழுதி, நிறுவும் முன் லைவ் முறையிலேயே (பென் டிரைவிலிருந்தே ஓட்டி) வைஃபை, சவுண்டு, கேமரா மூன்றையும் சோதியுங்கள்.

சிக்கல் வரும் இடங்கள் தெரிந்தவைதான். நிறுவியில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் ஸ்டோரேஜ் "ரெய்டு" அல்லது "ஆர்எஸ்டி" என்று இருக்கும், "ஏஎச்சிஐ"க்கு மாற்ற வேண்டும். கூடவே விண்டோஸையும் வைத்துக்கொள்பவர்கள் அதை முதலில் சேஃப் மோடுக்குப் போகும்படி வைத்துவிட்டு இந்த மாற்றத்தைச் செய்யுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் பூட் ஆகாது. "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" ஆனில் இருந்தால் விண்டோஸ் பகுதி லினக்ஸில் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. பிராட்காம் வைஃபை என்றால் ஈதர்நெட் கேபிளோ மொபைல் யூஎஸ்பி டெதரிங்கோ கொடுத்து டிரைவர் மேனேஜரைத் திறங்கள். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என், அதில் தமிழ்99 இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ரிச்சி_சர்வீஸ்:
வேறென்னவா? டேலி வேணும். ஜிஎஸ்டிக்குக் கையெழுத்துப் போடுற யூஎஸ்பி டோக்கன் வேணும். அப்புறம் கேனான் எல்பிபி 2900 பிரிண்டர். ஊர்ல இருக்கிற ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ் எல்லாத்துலயும் அதானே உக்காந்திருக்கு? அதை மின்ட்ல ஓட்டிக் காட்டுங்க தாசன். போன தடவை வேற திரியில கேட்டப்பவும் ஆளைக் காணோம்.

பெங்குயின்தாசன்:
போன முறையும் பதில் எழுதினேன், நீங்கள்தான் படிக்கவில்லை. எல்பிபி 2900க்கு பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொதுவான பிரிண்டர் மொழிகள் இரண்டும் தெரியாது. பக்கத்தை முழுவதும் கணினியே தயார் செய்து கேனானின் சொந்தக் கேப்ட் மொழியில் அனுப்ப வேண்டும். அந்த மொழியை வெளியிடாதது கேனானின் குற்றம், லினக்ஸின் குற்றமல்ல. கேப்ட் டிரைவரைப் போட்டு, 64 பிட் கணினியில் 32 பிட் நூலகங்களையும் சேர்த்து, சிசிபிடி என்ற பின்னணிச் சேவையைத் தொடங்கினால் அச்சாகும்.

ரிச்சி_சர்வீஸ்:
"தொடங்கினால்." பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சிசிபிடி பேசாது. மறுபடி டெர்மினல், மறுபடி சூடோ கட்டளை. ஜெராக்ஸ் கடையில அஞ்சு பேரு லைன்ல நிக்கும்போது சூடோ அடிச்சுட்டு உக்காருவாங்களா?

பெங்குயின்தாசன்:
யூடெவ் விதி ஒன்று எழுதினால் பிரிண்டர் ஆனாகும்போது சேவையும் தானாகத் தொடங்கும். இரண்டு வரி. எழுதத் தெரியவில்லை என்றால் அது வேறு பிரச்சினை.

ரிச்சி_சர்வீஸ்:
ஆமா, எங்களுக்குத் தெரியாதுதான். கஸ்டமருக்கும் தெரியாது. அதைத்தான் முதல்லேர்ந்து சொல்றேன்.

திருகாணி:
பிரிண்டருக்குத் தனித் திரி போடுங்கப்பா. 7820எச்க்யூ கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் வாயே திறக்கலை. கவனிச்சீங்களா?

ரசீது_எங்கே:
முக்கியமான ஒன்றை யாரும் தொடவில்லை. செகண்ட் ஹேண்டு சந்தையில் ஆறாம், ஏழாம் தலைமுறைத் திங்க்பேடு, லாட்டிட்யூடு லேப்டாப் எல்லாம் "விண்டோஸ் 11 ப்ரோவுடன்" என்று விற்கப்படுகின்றன. ரூஃபஸ் என்ற பூட் பென் டிரைவ் கருவியில் தகுதிச் சோதனையை நீக்கி ஏற்றியவை அவை. வாங்குபவரிடம் அதைச் சொல்வதில்லை.

மாதாந்திர அப்டேட் வழக்கம்போல வருவதால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் அடுத்த வருடாந்திரப் பதிப்பு இந்த மெஷின்களுக்குத் தானாக வராது. 23எச்2 என்ற விண்டோஸ் 11 பதிப்போடு வாங்கியவருக்கு 2025 நவம்பர் 11ஓடு பாதுகாப்பு அப்டேட்டும் நின்றுவிட்டது, திரையில் "யூ ஆர் அப் டு டேட்" என்றே காட்டினாலும். 24எச்2 என்றால் 2026 அக்டோபர் 13 வரை.

கடையிலேயே சோதிக்கலாம். ரன் பெட்டியில் "வின்வர்" அடித்தால் பதிப்பு தெரியும். "எம்எஸ்இன்ஃபோ32" அடித்தால் ப்ராசஸர் பெயர் வரும். ஐ5க்குப் பின்னால் 6 அல்லது 7 என்று தொடங்கும் நான்கு இலக்கம் என்றால் பட்டியலில் இல்லை. ரசீதில் ப்ராசஸர் மாடலையும் "விண்டோஸ் 11 அதிகாரபூர்வத் தகுதி உண்டு அல்லது இல்லை" என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறைத்து விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமே இல்லை.

ரிச்சி_சர்வீஸ்:
வந்துட்டாங்க வக்கீல் அம்மா. எட்டாம் தலைமுறைக்கு உண்டான காசு குடுத்தா எட்டாம் தலைமுறை தர்றோம். காசும் குறைவா வேணும், பதினொண்ணும் வேணும்னா என்ன பண்றது? ரூஃபஸ்தான். ஏழு வருஷப் பழைய மெஷினுக்கு ரசீதுல ஜாதகமா எழுத முடியும்?

ரசீது_எங்கே:
ஜாதகம் வேண்டாம், ஒரு வரி போதும். அந்த ஒரு வரி எழுதினால் விலை குறையும் என்பதால்தான் எழுதுவதில்லை. அப்புறம் நான் வக்கீலும் இல்லை, அம்மாவும் இல்லை.

திருகாணி:
ரசீது சார், நீங்களும் தப்பான ஆளைப் புடிக்கிறீங்க. சோதனையைத் தாண்டுற வழியை முதல்ல வெளியிட்டதே மைக்ரோசாஃப்ட். ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் அமைப்புகளோட கிடங்கு) எச்கேஎல்எம், சிஸ்டம், செட்டப், மோசெட்டப்னு போங்க. அங்க "அலோஅப்கிரேட்ஸ்வித்அன்சப்போர்ட்டட்டிபிஎம்ஆர்சிபியு"ன்னு ஒரு 32 பிட் டிவேர்டு (எண் பதிவு), மதிப்பு 1. டிபிஎம் 1.2 இருந்தாலே போதும். ஐஎஸ்ஓவை விண்டோஸ் உள்ளயே திறந்து செட்டப்பை ஓட்டினா ஃபைலும் போகாது, ப்ரோக்ராமும் போகாது. வருஷப் பதிப்பு ஒவ்வொண்ணுக்கும் இதே வேலை, கையால. அவங்க ஆதரவுப் பக்கத்துலயே இது இருந்தது, பின்னாடி சத்தமில்லாம எடுத்துட்டாங்க. முடியாதுன்னா ஏன் போட்டாங்க? முடியும்னா ஏன் எடுத்தாங்க?

நிஜமான தொழில்நுட்பத் தடை எங்க இருக்குன்னும் சொல்றேன். 24எச்2லேர்ந்து பாப்கவுன்ட், எஸ்எஸ்இ 4.2ங்கற கட்டளைகள் இல்லாத ப்ராசஸர்ல கெர்னல் பூட்டே ஆகாது. பழைய கோர் 2 டுவோ ப்ராசஸர் அவுட். அதை ஒத்துக்கிறேன், அது வன்பொருள் எல்லை. ஏழாம் தலைமுறையைத் தடுக்கிறது வியாபார எல்லை. சாட்சி 7820எச்க்யூ.

மௌனவாசகி:
பதிலே இல்லைன்னு திரும்பத் திரும்பச் சொல்றீங்களே, அந்த 7820எச்க்யூவும் டிசிஎச்ங்கற புதுவகை டிரைவரோட வந்த குறிப்பிட்ட மெஷின்களுக்கு மட்டும்தான் செல்லும்னு 2021 ஆகஸ்ட் அறிவிப்புலயே இருக்கு. அதே சிப் இருக்கிற எல்லா லேப்டாப்பும் உள்ள போகலை. கோர் எக்ஸ், ஜியான் டபிள்யூ வரிசையில சிலதையும் அப்பவே சேர்த்தாங்க.

திருகாணி:
நன்றி, என் வாதத்துக்கு இன்னொரு ஆணி அடிச்சீங்க. சிப் காரணம் இல்ல, டிரைவர்தான்னு நீங்களே சொல்றீங்க. டிசிஎச் டிரைவர் மத்த ஏழாம் தலைமுறை மெஷினுக்கும் போட முடியும். அப்போ அவங்க ஏன் வெளிய?

மௌனவாசகி:
நான் உங்க பக்கம் பேசலை.

திருகாணி:
பேசலைன்னாலும் வந்து சேருது, பாருங்க.

ரசீது_எங்கே:
அநியாயம் என்றால் கூடுதல் ஆதரவுத் திட்டத்தைப் பாருங்கள். 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் 30 டாலர், அல்லது 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி, அல்லது செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய வேண்டும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டதால் அங்கே பேக்கப் நிபந்தனையும் இல்லாமல் இலவசம். கணக்கில் லாகின் செய்தால் போதும். ஒரே மென்பொருள், ஒரே ஓட்டை, ஆனால் அவர்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம்.

சேர்வதற்கு 22எச்2 பதிப்பு வேண்டும். அப்டேட் அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் "என்ரோல் நவ்" வரும். 30 டாலர் கட்டினால் ஒரே கணக்கில் 10 கணினி வரை செல்லும். ஒன்ட்ரைவில் இலவச இடம் 5 ஜிபிதான், ஆகவே பேக்கப் வழியில் போகிறவர்கள் ஃபோல்டர்களை அணைத்துவிட்டு செட்டிங்ஸை மட்டும் விடுங்கள்.

பெங்குயின்தாசன்:
அடுத்த அக்டோபரில் மறுபடி இதே ஒப்பாரியா? மின்ட்...

ரிச்சி_சர்வீஸ்:
மின்ட்டை விடுங்க. விண்டோஸ் 10 ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021ங்கற நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போட்டா 2032 ஜனவரி 13 வரை அப்டேட். டேலி, டோக்கன், 2900 எல்லாம் அப்படியே ஓடும். சத்தமில்லாம முடிஞ்சது.

ரசீது_எங்கே:
அதற்கு லைசென்ஸ்? ஐஓடி எல்டிஎஸ்சி தனி ஆட்களுக்குச் சில்லறையில் கிடைக்காது, சாதனம் தயாரிப்பவர்களுக்கானது. என்ன கீ போடுவீர்கள்? லைசென்ஸ் இல்லாமலே திறக்கும் ஆக்டிவேட்டரா?

ரிச்சி_சர்வீஸ்:
நான் எங்க ஆக்டிவேட்டர்னு சொன்னேன்? வார்த்தையை என் வாயில திணிக்காதீங்க.

பெங்குயின்தாசன்:
அதாவது திருட்டு விண்டோஸ் ஓடலாம், ஆனால் இலவச லினக்ஸில் பிரிண்டர் ஓடவில்லை என்றால் குற்றம். அருமையான தர்மம். ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டர் வைத்திருப்பவர்களாவது கேளுங்கள்: எச்பிலிப் என்ற ஹெச்பி டிரைவர் தொகுப்பை நிறுவி "எச்பி-பிளகின்" ஓட்டினால் போதும், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃபர்ம்வேரை (பிரிண்டரின் உள் மென்பொருள்) தானே ஏற்றிக்கொள்ளும்.

ரிச்சி_சர்வீஸ்:
அந்த பிளகின் மூடிய மென்பொருள்தானே தாசன்? ஓப்பன் சோர்ஸ் ஓப்பன் சோர்ஸ்னு தொண்டை கிழியுது, கடைசியில ஹெச்பிகாரன் குடுத்த பைனரியை வச்சுதான் பிரிண்ட் எடுக்கிறீங்க.

பெங்குயின்தாசன்:
எஃப்ஓஓ2இசட்ஜேஎஸ் என்று திறந்த டிரைவரும் இருக்கிறது. தேடிப் பாருங்கள்.

ரிச்சி_சர்வீஸ்:
அதுக்கும் ஃபர்ம்வேர் ஃபைலை ஹெச்பிகிட்ட இருந்துதானே எடுக்கணும்? தேடிட்டுத்தான் கேக்குறேன்.

மௌனவாசகி:
என்கிட்ட இருக்கிற கையெழுத்து யூஎஸ்பி டோக்கன் ப்ராக்ஸ்கீ. அது மின்ட்ல ஓடுமா ஓடாதா, யாராவது அதை மட்டும் சொல்லுங்களேன்.

திருகாணி:
அதுக்கும் தனித் திரி போடுங்க. இங்க ப்ராசஸர் பத்திப் பேசுறோம்.