ஃபூலா தீவில் கிறிஸ்துமஸ் 6-ஆ, 7-ஆ?

கணக்கன்: ஸ்காட்லாந்தின் ஃபூலா தீவு இன்னமும் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருக்கிறது, அதனால்தான் ஜனவரி 6-ல் கிறிஸ்துமஸ் என்று நேற்று ஒருவர் இங்கே அளந்திருந்தார். ஜூலியன் டிசம்பர் 25 இப்போது ஜனவரி 7-ல் வருகிறது, ரஷ்யாவில் அன்றுதான் கொண்டாடுகிறார்கள். 6-ல் கொண்டாடினால் எப்படி அது ஜூலியன்?

தீவுக்காரன்: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 1752-ல் பிரிட்டன் ஜூலியனை விட்டு இப்போதைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாற, செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று ஆக்கியபோது ஃபூலாக்காரர்கள் மாறவில்லை. ஷெட்லாந்துக்கு மேற்கே, முப்பது பேர் அளவில் வாழும் தீவு, கடல் கொந்தளித்தால் படகே வராது. அங்கே யூல், அதாவது கிறிஸ்துமஸ், ஜனவரி 6, புத்தாண்டு 13. இதைக் காப்பாற்றி வைத்திருப்பது பெரிய விஷயம் இல்லையா? ஒரு நாளுக்கு இவ்வளவு பாய்ச்சலா?

கணக்கன்: அந்த ஒரு நாள்தான் விஷயமே. 1752-ல் வித்தியாசம் 11 நாள். 1800 ஜூலியனில் லீப் ஆண்டு, புதியதில் இல்லை. ஃபூலாவில் அந்தக் கூடுதல் நாளைச் சேர்த்தார்கள், 12 ஆனது. 1900-லும் சேர்த்திருந்தால் 13 ஆகியிருக்கும். சேர்க்கவில்லை! அன்றைக்கே ஜூலியன் போய்விட்டது. 6-ஆ 7-ஆ, அதைச் சொல்லுங்கள்.

அம்மம்மாபேத்தி: 6. அங்கே இருக்கிறவர்கள் 6 என்றால் 6 தான். எங்கள் யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம், வருடப்பிறப்பு நேரமே இரண்டிலும் வேறு. அம்மம்மா கடைசிவரை வாக்கியம்தான் பார்த்தார். அவரிடம் போய் லீப் ஆண்டு பேசுவீர்களா?

கணக்கன்: அக்கா, அம்மம்மா பார்த்தது வாக்கியம், அதை வாக்கியம் என்றே சொன்னார். இங்கே ஜூலியன் இல்லாததை ஜூலியன் என்கிறார்கள். ஜூலியன் என்றால் 7.

நெல்லையான்: வருடப்பிறப்பு என்றால் தை முதல் நாள். 2008-ல் சட்டமே வந்தது.

அம்மம்மாபேத்தி: 2011-ல் ரத்தானதையும் சொல்லுங்கள் தம்பி. அதோடு உங்கள் சட்டசபை எங்களுக்கு வருடம் பிறப்பிக்காது.

நெல்லையான்: எது பேசினாலும் உங்கள் யாழ்ப்பாணப் பெருமை வந்துவிடும்.

தீவுக்காரன்: கணக்கன் அண்ணே, போன தீபாவளிக்கும் அமாவாசை நாழிகையை வைத்து என்னை இப்படித்தான் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டினீர்கள், நான் மறக்கவில்லை. பழைய வழக்கம் என்று எழுதினேன், அது பழைய வழக்கம்தான்.

கணக்கன்: பழைய வழக்கம் என்று நீங்கள் எழுதவில்லை, ஜூலியன் என்று எழுதினீர்கள், திருத்தவும் இல்லை. 1900 பிப்ரவரி 29 ஃபூலாவில் உண்டா இல்லையா?

தீவுக்காரன்: 6.

கணக்கன்: நான் கேட்டது 1900.