கொழும்பில குரோக்கஸ் பூக்குமா?

வெள்ளவத்தை மாடி:
லண்டனிலயிருந்து வந்தவை, குரோக்கஸ் எண்ட குளிர்நாட்டுப் பூச்செடியின்ர கிழங்கு இரண்டு பை தந்திருக்கினம். ஒன்றில ‘வசந்தகாலக் குரோக்கஸ்’, மற்றதில ‘குங்குமப்பூ’ எண்டு எழுதியிருக்கு. மூன்றாம் மாடி பல்கனி, காலை வெயில் மட்டும். ஏப்ரலில ஒருக்கா, ஒக்டோபரில ஒருக்கா பூ வேணும். பிரிஜ்ஜில வைக்கச் சொல்லுகினம். எத்தனை நாள்? எவ்வளவு ஆழத்தில நடுறது?

கிழங்குத் தோட்டம்:
பூக்க வைக்கலாம், ஆனால் பல்கனியில் இல்லை. நீங்கள் கேட்கும் ஏப்ரலிலும் இல்லை. இரண்டு பையையும் ஒரே மாதிரி நடத்தவும் கூடாது.

வசந்தகால வகையில் மொட்டு கிழங்குக்குள் ஏற்கெனவே இருக்கும். அது நீண்டு வெளியே வருவதற்குத்தான் 4 முதல் 7 பாகை குளிர், 13–15 கிழமைக்கு வேண்டும். 12 செ.மீ. ஆழச் சாடியில் தும்புத்தூளும் ஆற்று மணலும் சரிபாதி. கூர்முனை மேலே இருக்க, ஒன்றையொன்று தொடாமல் வைத்து, மேலே 3 செ.மீ. மூடுங்கள். பிழிந்த துணி அளவு ஈரம் போதும். கூடினால் கிழங்கு அழுகிவிடும். சாடியோடு பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அதே பிரிஜ்ஜில் மாம்பழம், ஆப்பிள், வாழைப்பழம் கூடவே கூடாது. பழம் விடும் எதிலீன் வாயு மொட்டைக் கருக்கிவிடும். இலை வந்து பூ வராமல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

செப்டெம்பர் கடைசியில் வைத்தால் ஜனவரியில் முளை 3 செ.மீ. வந்திருக்கும். அப்போது 18 பாகை ஏசி அறையில் ஜன்னலோரம் வையுங்கள். பல்கனியின் 30 பாகையில் மொட்டு உறைக்குள்ளேயே காகிதம் போலக் காய்ந்துவிடும்.

குங்குமப்பூ இதற்கு நேர்மாறு. மொட்டுக் கட்ட 23–27 பாகை சூடு வேண்டும், அது கொழும்பில் தாராளம். தட்டில் பரப்பி, உலர்வாக, இருட்டில் வைத்திருங்கள். செப்டெம்பர் கடைசியில் 17 பாகை அறைக்கு மாற்றினால் மண் இல்லாமலே பூக்கும். இரவு பகலாக ஏசி ஓடவேண்டும், கரண்ட் பில்லைப் பார்த்தால் குங்குமப்பூவைக் கடையில் வாங்குவதே மலிவு.

எந்த வகையானாலும் ஒரே ஒரு முறைதான். பூத்த பிறகு இலை குளிரில் பல கிழமை நின்றால்தான் புதுக் கிழங்கு பருக்கும். இங்கே அதற்குள் மஞ்சளாகிவிடும்.

கிருலப்பனை வளவு:
ஒரு எச்சரிக்கை. ‘இலையுதிர்காலக் குரோக்கஸ்’ எண்டு விற்கிற கொல்சிக்கம் குரோக்கஸே இல்லை, நஞ்சு. குங்குமப்பூக் கிழங்கு சின்ன வெங்காயம் அளவில், நார்வலை உறையோட தட்டையா இருக்கும். கொல்சிக்கம் பெரிய உள்ளி அளவு. பூத்தால் மகரந்தத்தூள் ஒட்டியிருக்கிற காம்பை எண்ணுங்கோ: குரோக்கஸில மூன்று, கொல்சிக்கத்தில ஆறு. ஆறு இருந்தால் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதேங்கோ. எங்கட கார்த்திகைப்பூவும் அதே குடும்பம்தான், அதே கொல்சிசின் நஞ்சு.

அடுத்த முறை கிழங்கு எடுப்பிக்கிறதெண்டால் இறக்குமதி அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேணும். இல்லாட்டி கட்டுநாயக்காவிலேயே மறிப்பினம்.

வெள்ளவத்தை மாடி:
ஏசி அறை சரிவராது. பல்கனிக்கு வேற என்ன இருக்கு?

கிருலப்பனை வளவு:
மழை லில்லி. தூரத்தில பார்த்தால் குரோக்கஸ் மாதிரியேதான், நீங்கள் கேட்ட இரண்டு மாதமும் அதுக்குப் பொருந்தும். இளஞ்சிவப்பு வாங்குங்கோ, வெள்ளை எப்பவும் ஈரம் கேட்கும்.

10 அங்குலச் சாடிக்கு 15–20 கிழங்கு, 3 செ.மீ. ஆழம். கூட்டெரு இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, மணல் ஒன்று. நெருக்கமா இருந்தால்தான் நல்லாப் பூக்கும், மூன்று வருசம் பிரிக்கத் தேவையில்லை. யூரியா போட்டால் புல்லு மாதிரி இலைதான் மிஞ்சும்.

பூக்க வைக்கிற சூட்சுமம் காயப்போடுறதிலதான் இருக்கு. பெப்ரவரி கடைசியில தண்ணியை நிறுத்தி, 4–5 கிழமை கழிச்சு, சாடி நனைஞ்சு ஊறுற அளவுக்கு இரண்டு நாள் தண்ணி விடுங்கோ. ஒரு கிழமைக்குள்ள மொட்டு வரும். ஓகஸ்ட் கடைசியில திரும்ப நிறுத்தினால் ஒக்டோபருக்குப் பூ. கூரைக்குக் கீழ சாடி இருக்கிறது இதுக்கு வசதி, மழை உங்கட கணக்கைக் குழப்பாது. ஒரு பூ ஒன்று இரண்டு நாள்தான் நிற்கும், அதால மூன்று சாடியை ஐந்து நாள் இடைவெளியில நனையுங்கோ.

கறுப்பில வெள்ளை, சிவப்புப் புள்ளி போட்ட புழு வந்தால் உடன கையால பொறுக்குங்கோ. இரண்டு இரவில சாடியை மொட்டையாக்கிப்போடும்.