சினைப்பைப் புற்றுநோய் திரும்பி வருவதற்கு ஸ்டெம் செல்கள்தான் காரணமா?

கேள்வி (பதிவர்: மகள்)

வணக்கம். என் அம்மாவுக்கு மூன்றாம் நிலை சினைப்பைப் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்துகளை ஆறு சுற்று கொடுத்தார்கள். இந்நோயில் ரத்தத்தில் கூடும் சிஏ-125 என்ற புரதத்தின் அளவு 35-க்குக் கீழே இறங்கியது, ஸ்கேனிலும் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஐந்தாவது மாதத்தில் அந்த அளவு மறுபடி ஏறியது. ஸ்கேன் எடுத்தபோது வயிற்றுக்குள் சிறு கட்டிகள் தெரிந்தன. கட்டியை மறுபடி வளர்க்கவல்ல புற்றுநோய் ஸ்டெம் செல்கள் கீமோவுக்குத் தப்பிவிடுவதுதான் காரணம் என்று படித்தேன். அவற்றை இனங்காணும் குறிகள் தெரிந்திருந்தும், அவற்றை மட்டும் தேடி அழிக்க ஏன் முடியவில்லை?

பதில் (பதிவர்: செல் ஆய்வாளர்)

ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்பதற்கு, கண்ணுக்குத் தெரியும் அளவில் எதுவும் இல்லை என்பது மட்டுமே பொருள். வயிற்று உறையில் ஒட்டிய சில நூறு செல்களை எந்த ஸ்கேனும் காட்டாது.

பாக்ளிடாக்சல் பிரிந்துகொண்டிருக்கும் செல்லைத்தான் முக்கியமாகத் தாக்குகிறது; கார்போபிளாட்டின் டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்துவிடுவதால், பிரிய முயலும் செல்லுக்கே அது பெரும் ஆபத்தாகிறது. உறங்குவதுபோல் பிரியாமல் கிடக்கும் செல்லுக்கோ அந்தச் சேதத்தைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது. ஸ்டெம் செல் தன்மை கொண்டவற்றில் பல இப்படிப்பட்டவை. போதாக்குறைக்கு, மருந்தை வெளியே தள்ளும் பம்புப் புரதங்களும் அவற்றின் சவ்வில் மிகுதியாக இருப்பதுண்டு. ஆய்வகத்தில் இதை நேரடியாகவே பார்க்கலாம்: செல்களுக்கு ஒளிரும் சாயம் ஊட்டினால் பெரும்பாலானவை நீலமாக ஒளிர, ஒரு சிறு கூட்டம் மட்டும் சாயத்தைத் துப்பிவிட்டு மங்கலாக ஒதுங்கி நிற்கும்.

சினைப்பைப் புற்றுநோயில் இத்தகைய செல்களை முதலில் விவரித்தவர்களில் புணே தேசிய செல் அறிவியல் மையத்தின் ஷர்மிளா பாபத் குழுவினரும் உண்டு. 2005-இல் வெளியான அந்த ஆய்வுக்கு ஒரு நோயாளியின் வயிற்று நீரிலிருந்து செல்களை எடுத்தார்கள். சிடி44, சிடி117 ஆகிய இரு குறிப் புரதங்களும் மேற்பரப்பில் உள்ள 100 செல்களே சுண்டெலியில் கட்டியை உருவாக்கப் போதும் என 2008-இல் வேறொரு குழு காட்டியது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தக் குறிகள் எதுவும் புற்றுநோய்க்கு மட்டுமே உரியவை அல்ல. சிடி117 எலும்பு மஜ்ஜையின் நல்ல ஸ்டெம் செல்களிலும் இருக்கிறது, சிடி44 உடலெங்கும் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஸ்டெம் தன்மை ஒரு நிரந்தர இனம் அல்ல, ஒரு நிலை என்பதே. இன்று அந்த நிலையில் உள்ளவற்றை முழுக்க அழித்தாலும், சாதாரணப் புற்றுசெல்களில் சில நாளை அந்நிலைக்குத் திரும்பக்கூடும். கீமோவின் அழுத்தமே அதற்குத் தூண்டுதலாக அமைவதும் உண்டு.

பதில் (பதிவர்: மரபணுப் பிரிவு)

மேலே உள்ளதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் ஸ்டெம் செல் மீது போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சுண்டெலிச் சோதனை எலியைப் பொறுத்தும் மாறுகிறது. நோய் எதிர்ப்பு ஆற்றல் இன்னும் குறைந்த எலிகளில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்களை ஒவ்வொன்றாகச் செலுத்தியபோது ஏறத்தாழ நான்கில் ஒன்று கட்டியாக வளர்ந்ததை 2008-இல் கண்டார்கள். அப்படியானால் கட்டியை வளர்ப்பவை அரிதான செல்கள் என்ற பேச்சு எங்கே நிற்கிறது? சினைப்பைப் புற்றுநோயில் வேறு வழிகளும் உண்டு. டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ மரபணுவில் பிழை உள்ள கட்டியில் இரண்டாவது பிழை ஒன்று நேர்ந்து முதல் பிழையை ஈடுசெய்தால், டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் திறன் திரும்பிவிடும். கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகளும், அந்தத் திறன் இல்லாத செல்லைக் குறிவைக்கும் ஒலாபரிப் போன்ற மருந்துகளும் அதன்பின் பலிக்காமல் போகலாம்.

மகள்

இருவருக்கும் நன்றி. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது என்ன கேட்பது?

பதில் (பதிவர்: புற்றுநோய் மருத்துவர்)

கடைசி பிளாட்டினம் ஊசியிலிருந்து ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பினால் "பிளாட்டினம் எதிர்ப்பு" என்பது மரபு. அது வசதிக்காகப் போட்ட கோடுதான். ஐந்தாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையே உயிரியலில் சுவர் எதுவும் இல்லை.

ஸ்டெம் செல்லை மட்டும் குறிவைக்கும் மருந்து எதுவும் இந்நோய்க்கு வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. அப்படிச் சொல்லி ஊசி விற்பவர்களிடமிருந்து விலகியிருங்கள். மருத்துவரிடம் இரண்டு கேளுங்கள். பிஆர்சிஏ பரிசோதனை செய்தார்களா? கட்டித் திசுவில் ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபா என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்களா? அது மிகுதியாக இருந்தால் மிர்வெட்டுக்சிமாப் என்ற மருந்து பொருந்துமா என ஆராயலாம். அமெரிக்காவில் அதற்கு 2022-இல் நிபந்தனையுடனும் 2024-இல் முழுமையாகவும் ஒப்புதல் கிடைத்தது. கண்ணைப் பாதிக்கும் என்பதால், தொடங்கும் முன்னரே கண் பரிசோதனை செய்ய வேண்டும்.