சவுத் லானோ ஆற்றங்கரையில் அகத்தியர் நட்சத்திரத்தைப் பார்த்தோம்

டெக்சாஸில் நல்ல இருட்டான வானம் வேண்டுமென்றால் மேற்குக் கோடியிலுள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்கா வரை போயாக வேண்டும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். ஆஸ்டினிலிருந்து அது ஒரு முழு நாள் பயணம். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வார இறுதியில் அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜங்ஷன் என்ற சின்ன ஊரை ஒட்டி சவுத் லானோ ரிவர் ஸ்டேட் பார்க் இருக்கிறது. சான் அன்டோனியோவிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 2017-இலிருந்து அது சர்வதேச இருள் வானப் பூங்கா, அதாவது விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைக் காக்கும் இடம் என்று அங்கீகாரம் பெற்றது.

நானும் மனைவியும் மகளும் தை அமாவாசையை ஒட்டிய வார இறுதியில் போனோம். புளியோதரை, தயிர் சாதம், ஃபிளாஸ்க் நிறைய சுக்குக் காப்பி. ராத்திரிக் குளிர் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும் என்பதால் போர்வைகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டோம்.

ஊற்று நீரால் ஓடும் ஆறு அது. தண்ணீர் தெளிவாக இருந்தது, கூழாங்கற்கள் அப்படியே தெரிந்தன. கரையோரம் பெரிய பெரிய பெக்கான் மரங்கள். குளிர்காலத்தில் அந்த மரங்களில் காட்டு வான்கோழிகள் கூட்டமாகத் தங்கும். அவற்றின் தூக்கம் கெடக் கூடாது என்று அக்டோபர் முதல் மார்ச் வரை அந்தத் தோப்புப் பக்கம் ஆட்கள் போகக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் தள்ளி நின்று பார்த்தோம். அவ்வளவு கனமான பறவை மேலே ஏறுமா என்று மகள் சந்தேகப்பட்டாள். ஒன்று கழுத்தை நீட்டி, கிளையை அண்ணாந்து பார்த்து, ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, படபடவென்று சிறகடித்து ஏறி உட்கார்ந்தது. கிளை ஒரு முறை தாழ்ந்து நிமிர்ந்தது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் ஏறின.

இந்த நிலம் வால்ட்டர் பக் என்பவரின் பண்ணையாக இருந்தது. அவர் 1977-இல் மாநில அரசுக்குத் தானமாகக் கொடுத்தார். 1990-இல் பூங்காவாகத் திறந்தார்கள். அவர் கொடுத்திருக்காவிட்டால் இந்நேரம் ஆற்றங்கரை முழுக்க வீடும் வாசல் விளக்குமாக ஆகியிருக்கலாம். வான்கோழிக்கும் இடமில்லை, வானத்துக்கும் இடமில்லை. அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஏழே முக்கால் மணிக்கு மேற்கே அடிவானத்திலிருந்து மங்கலான ஒரு வெளிச்சம் கோபுரம் மாதிரி சாய்வாக எழுந்து நின்றது. ஏதோ ஊர் வெளிச்சம் என்று மனைவி சொன்னாள். ஊர் வெளிச்சம் அடியில் பரந்து கிடக்கும், இவ்வளவு உயரத்துக்குக் கூர்மையாகப் போகாது. கோள்கள் சுற்றும் தளத்தில் பரவிக் கிடக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதுதான் அது. ராசிமண்டல ஒளி என்பார்கள். பிப்ரவரி, மார்ச் மாலைகளில்தான் இந்தப் பக்கத்து வானத்தில் நன்றாக நிமிர்ந்து தெரியும். ஆஸ்டினில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து இதைப் பார்க்க வாய்ப்பே கிடையாது.

எங்கள் முகாமிடத்துக்கு இரண்டு இடம் தள்ளி டாலஸிலிருந்து வந்த ஒரு பெரியவர் பத்து அங்குலக் கண்ணாடி வைத்த டாப்சோனியன் என்ற வகைத் தொலைநோக்கியை நிறுத்திக்கொண்டிருந்தார். இருட்டுக்குப் பழகிய கண் கெடாமலிருக்க டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றியிருந்தார். எங்களுக்கும் ஒரு துண்டு கொடுத்தார். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு முறை செல்போனைப் பார்த்தால் போதும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற ஆர்வியில் (வீடு மாதிரித் தங்கும் வண்டி) வண்ண விளக்குச் சரம் எரிந்துகொண்டிருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு போய், "வந்து நட்சத்திரம் பாருங்களேன்" என்று கூப்பிட்டோம். உடனே அணைத்துவிட்டு நாற்காலிகளோடு வந்துவிட்டார்கள்.

அந்தப் பெரியவர் முதலில் ஓரியன் நெபுலாவைக் காட்டினார். சாம்பலும் பச்சையும் கலந்த புகைக்கு நடுவே நான்கு பொடி நட்சத்திரங்கள் நெருக்கமாக நின்றன. கிட்டத்தட்ட 1,300 ஒளியாண்டு தூரத்தில், புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம். மகள் கண்ணை எடுக்கவே மாட்டேன் என்றாள்.

ஆனால் அவர் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தது கனோபஸுக்காக. நம் அகத்தியர் நட்சத்திரம்தான். எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். பொதிகைக்கு மேலே அகத்தியரைக் காட்டிக் கதை சொல்லித்தான் தாத்தா எங்களைத் தூங்கவைப்பார். அங்கே அது தன் பாதையில் மிக உயரமாக நிற்கும்போது அடிவானத்திலிருந்து 28 டிகிரிக்கு மேலே இருக்கும், தேட வேண்டியதே இல்லை. வடக்கே ஒரு டிகிரி நகர்ந்தால் தெற்கு நட்சத்திரம் ஒரு டிகிரி இறங்கும். ஜங்ஷனில் அது ஏழு டிகிரிதான், நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவுகூட இல்லை. டாலஸில் நாலரை டிகிரி. அங்கே கட்டடமும் விளக்கும் அதை விழுங்கிவிடும்.

ஒன்பதரை மணிக்கு எல்லோருமாகத் தெற்குப் பக்கம் திறந்திருந்த மேட்டுக்கு நடந்தோம். வழியில் காய்ந்த இலைகளுக்குள் ஏதோ பரபரவென்று தோண்டும் சத்தம். சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு ஆர்மடில்லோ, முதுகில் ஓடு கவசம் போட்ட சின்ன விலங்கு. மூக்கை மண்ணுக்குள் விட்டு உறிஞ்சி உறிஞ்சிப் புழு தேடிக்கொண்டிருந்தது. அதற்குக் கண் பார்வை ரொம்பக் குறைவு. அசையாமல் நின்றோம். என் ஷூவுக்கு ஒரு சாண் தூரம் வரை வந்து, காற்றில் மோப்பம் பிடித்து, திரும்பிப் புதருக்குள் ஓடிவிட்டது. செதில் செதிலாக இருந்த அதன் முதுகில் ஈர மண் ஒட்டியிருந்ததுகூடத் தெரிந்தது.

மேட்டில் நின்றதும் சிரியஸைப் பிடித்துக்கொண்டு நேர் கீழே கண்ணை இறக்கச் சொன்னார் பெரியவர். மலை விளிம்புக்குச் சற்று மேலே இருந்தது. ஊரில் வெள்ளையாக, அசையாமல் நிற்கிற நட்சத்திரம் இங்கே மஞ்சளடித்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு தாழ்வில் நின்றால் உச்சந்தலைக்கு மேலிருப்பதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு காற்றைத் தாண்டி அதன் ஒளி வர வேண்டும். 310 ஒளியாண்டு தூரத்திலிருந்து வந்தும், ராத்திரி வானில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் இதுதான். மகளிடம் தாத்தாவின் கதையைச் சொன்னேன். பெரியவரும் ஆர்விக்காரர்களும் கேட்க, ஆங்கிலத்தில் இன்னொரு முறை சொன்னேன். அகத்தியர் தெற்கே போனதும் சாய்ந்த பூமி சமமானது என்ற இடத்தில் பெரியவர் கைதட்டினார். வடகிழக்கில் சப்தரிஷிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அருந்ததியை மகள் தானாகவே கண்டுபிடித்தாள்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அந்தப் பகுதி ஆறுகளில் மழை பெய்தால் தண்ணீர் மளமளவென்று ஏறும். 2018 அக்டோபரில் ஜங்ஷனில் இதே ஆற்று வெள்ளம் ஒரு ஆர்வி முகாமை அடித்துக்கொண்டு போய் உயிர்ச்சேதம் ஆனது. ஆகவே வானிலையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம், வெள்ள எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அகத்தியரைப் பார்க்க ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை உள்ள அமாவாசைகளே தோது. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பதரை மணிவாக்கில் நேர் தெற்கே நிற்பார், மார்ச் தொடக்கத்தில் எட்டே காலுக்கே. பால்வெளியின் நடுப்பகுதி வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் போங்கள். அப்போது ஆற்றில் டியூப் போட்டு மிதக்கவும் முடியும், அகத்தியர் மட்டும் இருக்க மாட்டார்.