வடகத்தின் மேல் விழும் கறுப்புத் தூள் எங்கிருந்து வருகிறது?

மாடிவடகம் (கேள்வி):
திருவொற்றியூரில் இருக்கிறேன். சித்திரை வெயிலை விடக்கூடாது என்று மாடியில் வேட்டி விரித்து வடகம் பிழிந்து வைத்தேன். சாயங்காலம் எடுக்கப் போனால் வேட்டியெல்லாம் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்பு. விரலால் தேய்த்தால் கோடு கோடாக இழுபடுகிறது. தெருவில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் என்கிறார் எதிர்வீட்டுக்காரர், கன்டெய்னர் லாரிப் புகை என்கிறார் பால்காரர். கடல் காற்றில் என்ன அழுக்கு இருக்கப் போகிறது என்று என் வீட்டுக்காரர் ஒரே அடியாகத் தள்ளிவிட்டார். தங்கை மகன் வாங்கி வந்த, காற்றில் உள்ள தூசியை அளக்கும் சின்ன மீட்டரில் விடியற்காலை 90 காட்டியது, மத்தியானம் 30. இது என்ன தூள் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

ஃபில்டர்காரன்:
அக்கா, பதினோரு வருடம் காற்றை உறிஞ்சி ஃபில்டரில் பிடித்து எடை போட்டவன் நான். முதலில் மீட்டர். அது லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. துகள் உப்பா கரியா என்று அதற்குத் தெரியாது. ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் கடல் உப்புத் துகள் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும், மீட்டரும் எண்ணை ஏற்றிக் காட்டும். விடியற்காலை நிஜமாகவே அழுக்கு தரையோடு தேங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் 90-ல் எத்தனை அழுக்கு, எத்தனை ஈரம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

நாங்கள் செய்வது வேறு. நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் ஒரு நாள் முழுக்க உறிஞ்சினால் 24 கன மீட்டர் காற்று. பிஎம் 2.5-க்கு, அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூளுக்கு, நம் நாட்டின் ஒரு நாள் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அந்த அளவு இருந்தாலும் ஃபில்டரில் ஏறுவது ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை, தூள் உப்பில் இருபது முப்பது மணி. விரல் பட்டால் அந்தப் பிசுக்கே கணக்கைக் கெடுத்துவிடும். உலோகம் பார்க்க டெஃப்லான் ஃபில்டர், கரி பார்க்க குவார்ட்ஸ் ஃபில்டர்.

அதற்கப்புறம்தான் துப்பறிகிற வேலை. சிலிக்கான், அலுமினியம், கால்சியம் சேர்ந்து ஏறினால் மண். வனேடியமும் நிக்கலும் ஜோடியாக வந்தால் கப்பல் எண்ணெய். லெவோகுளுகோசான் என்றொரு சர்க்கரை இருந்தால் எங்கோ விறகோ சருகோ எரிந்திருக்கிறது. பேரியம் வந்ததும் பட்டாசு என்று குதிக்கக்கூடாது, பிரேக் தேய்ந்தாலும் பேரியம் வரும். கூடவே ஸ்ட்ரான்ஷியமும் பொட்டாசியமும் ஏறியிருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது உப்பு. கடல்நீரில் சோடியம் 1 பங்கு என்றால் குளோரைடு 1.8 பங்கு. அதற்குக் குறைந்தால் உப்பு, வண்டிப் புகையோடு கலந்து பழசாகிவிட்டது என்று பொருள். கூடினால் நான் குப்பை எரிப்பைத் தேடுவேன்.

ஒரு தடவை பள்ளிக்கூட மாடியில் வைத்த கருவியில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பொட்டாசியம் எகிறியது. மூன்று வாரம் மண்டையைக் குடைந்தோம். கடைசியில் பார்த்தால் வாட்ச்மேன் வியாழன் கூட்டிய வேப்பஞ்சருகை வெள்ளி காலையில் மாடிப்படிக்குக் கீழே கொளுத்தியிருக்கிறார்!

சந்தேகி:
எல்லாம் சரி சார், அக்கா வீட்டில் குவார்ட்ஸ் ஃபில்டருக்கு எங்கே போவார்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் (சிபிசிபி) 2011-ல் வெளியிட்ட ஆறு நகரக் காற்று மாசு ஆய்வில் சென்னைப் பகுதியைச் செய்ய ஐஐடியே வேண்டியிருந்தது.

ஃபில்டர்காரன்:
நியாயம். யார் எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு ஆய்வகம்தான் வழி. நூறு நாள் குழம்பை ருசி பார்த்து, உள்ளே எத்தனை வகைப் பொடி, எந்தப் பொடி என்றைக்குத் தூக்கல் என்று கணக்கால் பிரிப்பதுபோல. பிஎம்எஃப் என்ற கணக்கு முறை அதுதான். பொடிகளின் பக்குவம் முன்கூட்டியே தெரிந்தால் சிஎம்பி என்ற வேறொரு முறை.

ஆனால் வேட்டியில் விழுவது பெரிய தூள், அதைக் கண்ணாலேயே ஓரளவு பிரிக்கலாம். வாசலின் தடவிய கண்ணாடித் துண்டு ஒன்று, வெறும் வெள்ளைத் தட்டு ஒன்று. காலை ஆறு முதல் பதினொன்று வரை ஒரு ஜோடி, பன்னிரண்டு முதல் ஐந்து வரை வேறு ஜோடி. காற்று எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி மைக்ரோஸ்கோப் போதும். பளபளவென்று மூலை உடைந்த கறுப்பு, நிலக்கரித் தூள். கண்ணாடி மணிபோல் உருண்டை, எரிந்த சாம்பல். கொழுக்கட்டை பிடித்ததுபோல் நீளவாக்கில் கறுப்பு, டயர் தேய்ந்தது. காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள், சாம்பல் உருண்டையிலும் இரும்பு இருக்கும்.

மாடிவடகம்:
மூன்று நாள் வைத்தேன். மைக்ரோஸ்கோப் பக்கத்து வீட்டு டீச்சருடையது. காலைத் தட்டு வெளுப்பு, மத்தியானத் தட்டுதான் கறுப்பு! மத்தியானம் கடல் காற்றுதானே, கிழக்கிலிருந்து? அதில் பிடிக்கொழுக்கட்டைகள் நிறைய. கண்ணாடி உருண்டை இரண்டு துண்டுகளிலும் அங்கொன்று இங்கொன்று. மத்தியானத் தட்டை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கழுவிக் காயவைத்ததில் குட்டிக் குட்டிச் சதுரம். உப்பா?

ஃபில்டர்காரன்:
சதுரம் உப்புதான். உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

மாடிவடகம்:
எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்.

ஃபில்டர்காரன்:
அதுதான் அக்கா. கடலிலிருந்து உப்போடு கிளம்பிய காற்று ரோட்டைத் தாண்டும்போது டயர்த் தூளையும் வாரிக்கொண்டு உங்கள் மாடிக்கு வருகிறது. கறுப்பில் பெரும்பங்கு ரோடு என்று மூன்று நாளை வைத்துத் தைரியமாகச் சொல்வேன். சாம்பல் கொஞ்சம் உண்டு, எதிர்வீட்டுக்காரர் முழுக்கத் தோற்கவில்லை. ஆனால் நுரையீரலுக்குள் போகும் பொடி இந்தத் தட்டில் இல்லை. அசையாத காற்றில்கூட அது ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும், வேட்டியில் வந்து உட்காராது. அதைப் பற்றி இந்தத் தட்டு ஒன்றும் சொல்லாது. வாடைக்காற்று தொடங்கியதும் இதே தட்டுகளை வையுங்கள், அப்போது காற்று வடகிழக்கிலிருந்து வரும்.

மாடிவடகம்:
ஐப்பசியில் வைக்கிறேன். வடகத்தை இனி பதினொரு மணிக்கே எடுத்துவிடுகிறேன். வீட்டுக்காரரிடம் கொழுக்கட்டையைக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை.