'அதிகாரமளிப்புச் சட்டம்' வேண்டாமே (1933 ஜெர்மனி கலைச்சொற்கள்)

வணக்கம் நண்பர்களே,

ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த காலத்து ஜெர்மன் சொற்களுக்கு நம் குழு போடும் தமிழ்ப் பட்டியல் பற்றித்தான் இது. நீங்கள் எழுதியதை மேற்கோளாகப் போட்டுப் பதில் சொல்கிறேன்.

> எர்மெக்டிகுங்ஸ்கெசெட்ஸ் = அதிகாரமளிப்புச் சட்டம். அகராதிப்படி சரியாகத்தான் இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாம்.

அகராதிப்படி சரிதான், மறுக்கவில்லை. ஆனால் 'மகளிருக்கு அதிகாரமளித்தல்' என்று அரசு விளம்பரங்களில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சொல் எதைக் காட்டும்? இல்லாதவர் கைக்கு ஏதோ நல்லது போய்ச் சேர்ந்தது போல இருக்கும். 1933 மார்ச் 23 அன்று பெர்லின் கிரோல் ஓப்பரா கட்டடத்தில் நடந்தது வேறு. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் தன் உரிமையைத் தூக்கி ஹிட்லரின் அமைச்சரவையிடம் கொடுத்தது, அந்தச் சட்டங்கள் அரசியலமைப்பை மீறினாலும் செல்லும் என்றும் சேர்த்தே எழுதிக் கொடுத்தது. 444 பேர் ஆதரவு, எதிர்த்தவர்கள் 94 பேர், அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சி. கம்யூனிஸ்டுகள் 81 இடம் வென்றிருந்தும் ஒருவர்கூட உள்ளே வர முடியவில்லை: கைது, தலைமறைவு. காரணம் சொல்லாமல் வராதவர்களையும் வந்தவர்களாகவே கணக்கு வைக்க அன்றே அவை விதியை மாற்றினார்கள். இவ்வளவு மிரட்டலும் தில்லுமுல்லும் இருந்தாலும், மூன்றில் இரண்டு பங்கு வந்ததற்கு கத்தோலிக்கர்களின் மையக் கட்சி போன்றவை கைதூக்கியதும் காரணம். கொடுத்தவர் யார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். அதனால் என் பரிந்துரை 'அதிகார ஒப்படைப்புச் சட்டம்'.

(ஆங்கிலத்தின் 'எனேப்ளிங் ஆக்ட்' என்பதை அப்படியே பெயர்த்து 'இயலச்செய் சட்டம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மென்பொருளில் ஏதாவது பொத்தானுக்கு வைக்கலாம்.)

> 'சர்வாதிகாரச் சட்டம்' என்றே போட்டால் என்ன? நேரடியாகப் புரியுமே.

புரியும், ஆனால் பொருந்தாது. பணவீக்கம் தலைக்கு மேல் போன 1923இல், அக்டோபரில் ஷ்ட்ரேசமான் அரசும் டிசம்பரில் மார்க்ஸ் அரசும் (வில்ஹெல்ம் மார்க்ஸ், கார்ல் மார்க்ஸ் இல்லை!) இதே பெயர் கொண்ட சட்டங்களை நிறைவேற்றிக்கொண்டன. குறுகிய கெடு, சில மாதத்தில் காலாவதியும் ஆகிவிட்டன. ஹிட்லரின் சட்டத்துக்கும் நான்கு வருடக் கெடு இருந்தது, பிறகு நீட்டித்துக்கொண்டே போனார்கள். மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்க முடிந்தால்தான், முன்பே இருந்த ஒரு வழக்கத்தை எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று வாசகருக்குப் பிடிபடும்.

அடுத்து, 'நோட்ஃபெரோர்ட்னுங்'. பட்டியலில் 'அவசரச் சட்டம்' என்று இருக்கிறது, தயவுசெய்து மாற்றுங்கள். நம் ஊர் அவசரச் சட்டம் அவை மறுபடி கூடி ஆறு வாரத்துக்குள் ஒப்புதல் பெறாவிட்டால் செத்துவிடும். ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் குடியரசின் வைமார் அரசியலமைப்பில், 48ஆவது பிரிவில் நிலைமை தலைகீழ்: குடியரசுத் தலைவர் போட்ட ஆணை, நாடாளுமன்றம் ரத்து செய்யச் சொல்லும்வரை நிற்கும். அப்படிச் சொன்னால்? 1930 ஜூலையில் அரசுத் தலைவராக (சான்சலர்) இருந்த புரூனிங்கின் ஆணைகளை ரத்து செய்யச் சொல்லி அவை வாக்களித்தது, உடனே குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவையையே கலைத்துவிட்டார், 25ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுத்தது, ஆணைகளும் திரும்ப வந்தன. செப்டம்பர் தேர்தலில் நாஜிகள் 12 இடத்திலிருந்து 107க்குத் தாவினார்கள். 1930இல் நாடாளுமன்றம் 98 சட்டம் இயற்றியது, 1932இல் வெறும் 5. ஹிட்லர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆட்சி ஆணையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1932 ஜூலையில் அப்போதைய சான்சலர் பாப்பன் பிரஷ்ய மாநில அரசையே ஓர் ஆணையால் தூக்கினார். அப்புறம் 1933 பிப்ரவரி 28இல், நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, வீட்டைச் சோதனையிடுவதற்கு இருந்த கட்டுப்பாடு எல்லாவற்றையும் நிறுத்தி வைத்ததும் இதே 48ஆவது பிரிவின் கீழ் வந்த ஆணைதான். இதைச் சட்டம் என்று எழுதினால் அவை இயற்றியதாகத் தோன்றிவிடும். 'நெருக்கடி ஆணை' போதும்.

கடைசியாக 'கிளைக்ஷால்டுங்'. மாநிலங்கள், தொழிற்சங்கங்கள், கட்சிகள் என்று ஒவ்வொன்றாக நாஜிகளின் பிடிக்குள் கொண்டுவந்ததற்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர், மின்சாரத் துறையிலிருந்து எடுத்த மழுப்பல் சொல். 'ஒருங்கிணைப்பு' என்றால் ஏதோ விழாக்குழு மாதிரி இருக்கிறது, 'அடக்குதல்' என்றால் மழுப்பல் போய்விடுகிறது. 'ஒருசீராக்கம்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். குழுவில் மின்பொறியாளர்கள் இருக்கிறீர்களே, பல சுற்றுகளை ஒரே இயக்கத்தில் பூட்டுவதற்கு உங்களிடம் புழங்கும் தமிழ்ச்சொல் இருந்தால் எழுதுங்கள்.